ஆப்பிள் காலத்துக் காலை உணவு: பிரெஞ்சு டோஸ்ட் கேசரோல்

முட்டையும் பாலும் சேர்த்து அடித்த கலவையில் ரொட்டியை ஊறவைத்து, பழத்தோடு அடுக்கி, ஒரே பாத்திரத்தில் ஓவனில் வேகவைத்து எடுப்பது பிரெஞ்சு டோஸ்ட் கேசரோல். தமிழ்நாட்டு பேக்கரிகளிலும் டீக்கடைகளிலும் ‘பாம்பே டோஸ்ட்’ என்று விற்கும் முட்டை ரொட்டிக்கு இது நெருங்கிய சொந்தம். பாம்பே டோஸ்ட் தோசைக்கல்லில் இரண்டிரண்டு துண்டாக வேகும். கடைசித் துண்டு வெந்து வருவதற்குள் முதல் துண்டு ஆறிப்போயிருக்கும். சுடுகிறவர், மற்ற எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் உட்காருவார். கேசரோலில் அந்தத் தொல்லை இல்லை. கைவேலை பெரும்பாலும் முந்தின இரவே முடிந்துவிடும். காலையில் ஓவனில் வைத்தால், ஒன்றேகால் மணி நேரத்தில் எட்டுப் பேர் ஒன்றாக உட்கார்ந்து சூடாகச் சாப்பிடலாம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை இதன் காலம். நியூ இங்கிலாந்து, நியூயார்க், மிச்சிகன், ஒன்டாரியோ பகுதிகளின் தோட்டங்களில் அப்போது ஆப்பிள் பறிப்பு நடக்கும். பணம் கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பறித்துக்கொள்ளலாம். ‘பெக்’ என்ற அளவுப் பை ஒன்றில் ஏறக்குறைய 4½ கிலோ பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை அப்படி ஒரு பை வீட்டுக்கு வந்துவிட்டால், அடுத்த பத்து நாளைக்கு அதைத் தீர்க்க வழி தேட வேண்டும். குளிர் இறங்கத் தொடங்கும் காலை நேரத்தில் ஒரு மணி நேரம் ஓவன் எரிவதும் அந்த மாதங்களில் வீட்டுக்கு இதம். கனடாவில் அக்டோபர் இரண்டாம் திங்களும் அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழனும் நன்றி அறிவிப்பு நாள். உறவினர் வந்து தங்கும் அந்த நாட்களின் காலையில் இந்தப் பாத்திரம் பல வீடுகளில் மேசைக்கு வரும்.

பழைய ரொட்டியைப் பாலில் நனைத்துப் பொரிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் மிகப் பழையது. அபிசியஸ் பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூலிலேயே ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, எண்ணெயில் பொரித்து, தேன் ஊற்றும் குறிப்பு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதை ‘பேன் பெர்தியு’, அதாவது வீணாய்ப்போன ரொட்டி, என்பார்கள். ஜெர்மானியர்களுக்கு இது ‘ஏழை வீரர்கள்’. ஸ்பெயினில் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் ‘தொர்ரிஹா’ என்ற பெயரில் செய்வார்கள். காய்ந்த ரொட்டியைக் குப்பையில் போட மனம் வராததுதான் எல்லாவற்றுக்கும் மூலம். தமிழ் வீடுகளில் மீந்த இட்லி உப்புமாவாவதும் அதே மனத்தால்தான்.

கேசரோல் நன்றாக வருவதும் கெடுவதும் ஈரக் கணக்கில் இருக்கிறது. பால், முட்டை, பழம் மூன்றிலும் தண்ணீர் நிறைந்திருக்கிறது. இவ்வளவையும் தாங்க வேண்டியது ரொட்டி ஒன்றுதான். எனவே ரொட்டி போதிய அளவு உலர்ந்திருக்க வேண்டும், பழத்தின் நீர் முன்பே வெளியேறியிருக்க வேண்டும், பாலும் முட்டையும் சரியான விகிதத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் அமைந்துவிட்டால் பட்டை, வெனிலா, பருப்பு எல்லாம் அவரவர் விருப்பம்.

ரொட்டி

சல்லா, பிரியோஷ், தடித்த தோலுள்ள பிரெஞ்சு ரொட்டி, புளிமா ரொட்டி ஆகிய நான்கும் இதற்கு ஏற்றவை. சல்லா யூதர்கள் ஓய்வுநாளுக்குச் செய்யும் பின்னல் ரொட்டி. மாவில் முட்டையும் எண்ணெயும் சேரும், பாலோ வெண்ணெயோ சேராது. வெள்ளிக்கிழமை இரவு உணவில் மீந்த சல்லா ஞாயிறு காலை பிரெஞ்சு டோஸ்ட் ஆவது அமெரிக்க யூத வீடுகளின் பழக்கம். நெருக்கமான, இழுத்தால் நூல்நூலாக வரும் உட்பகுதி இருப்பதால் அது பாலை நன்றாகக் குடிக்கும், ஆனாலும் கரையாது. முதல் தடவை செய்பவர்கள் சல்லாவோடு தொடங்குவது நல்லது. பிரியோஷில் வெண்ணெய் மிகுதி; சுவை அதிகம், தாங்கும் பலம் குறைவு. புளிமா ரொட்டியின் இலேசான புளிப்பு இனிப்புக்கு நல்ல எதிர்முனை. ஆனால் அதன் தோல் இரவு முழுதும் ஊறினால்தான் மெல்ல வரும். சாண்ட்விச்சுக்கு வாங்கும் மெல்லிய துண்டு ரொட்டி மட்டும் வேண்டாம். காலையில் பார்க்கும்போது கூழாகியிருக்கும்.

‘பழைய ரொட்டி’ என்று எல்லாக் குறிப்புகளும் சொல்கின்றன. அந்தச் சொல்லில் ஒரு குழப்பம் இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் இரண்டு நாள் கிடந்த ரொட்டி கடினமாகிறது, ஆனால் அதில் இருந்த தண்ணீரில் பெரும்பகுதி உள்ளேயே இருக்கிறது. மாவுச்சத்து மறுபடி இறுகிப் படிகமாவதால் அது பழையதாகத் தோன்றுகிறது. ஃபிரிட்ஜில் வைத்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். கேசரோலுக்கு வேண்டியது வயது அல்ல, உலர்வு. ஆகவே அன்று வாங்கிய ரொட்டியே ஆனாலும், ஓர் அங்குலம் (2½ செ.மீ.) கனத்தில் அறுத்து, தட்டில் பரப்பி, 150 டிகிரி செல்சியஸ் (300 ஃபாரன்ஹீட்) ஓவனில் 15 முதல் 20 நிமிடம் உலர்த்துவது நிச்சயமான வழி. பாதி நேரத்தில் ஒரு முறை திருப்ப வேண்டும். விரலால் தட்டினால் மேற்புறம் சலசலக்க வேண்டும், நடுவில் அழுத்தினால் சிறிது இடம் கொடுக்க வேண்டும், நிறம் மாறக் கூடாது. சிவந்துவிட்டால் அது டோஸ்ட். பாலை மெதுவாகத்தான் குடிக்கும்.

பழம்

இந்தப் பக்குவத்தில் பெரும்பாலானவர்கள் சறுக்குவது பழத்தில்தான். ஆப்பிளின் எடையில் சுமார் 85 சதவீதம் தண்ணீர். நான்கு நடுத்தர ஆப்பிளைத் தோல் சீவி, விதைப்பகுதி நீக்கினால் ஏறக்குறைய 600 கிராம் தேறும். அதில் அரை லிட்டர் தண்ணீர் இருக்கிறது. கேசரோலுக்குச் சேர்க்கும் பாலின் அளவும் அரை லிட்டர்தான். ஆப்பிளைப் பச்சையாக நறுக்கிப் போட்டால், வேகும்போது அந்த நீரில் ஒரு பகுதி வெளியேறி அடியில் தங்கும். முட்டைக் கலவை நீர்த்துப்போய், மேலே பொன்னிறமாகத் தெரியும் கேசரோலின் அடித்தட்டு ஈரத்துணிபோல் இருக்கும். அதே சமயம் ஆப்பிள் துண்டுகள் முழுதாக வெந்தும் இருக்காது. ஆகவே ஆப்பிளை முதலில் வாணலியில் வதக்கியே ஆக வேண்டும். இதை விட்டுவிட்டு நேரம் மிச்சப்படுத்தச் சொல்லும் குறிப்புகள் பல உண்டு. அவற்றை நம்ப வேண்டாம்.

வதக்கும் முறை எளிது. அகலமான வாணலியில் 30 கிராம் வெண்ணெயை உருக்கி, அரை அங்குலக் கனத்தில் நறுக்கிய ஆப்பிளும் 50 கிராம் பழுப்புச் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்க்க வேண்டும். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு சர்க்கரை ஆப்பிளின் நீரை இழுக்கத் தொடங்கி வாணலி முழுதும் சாறு பொங்கும்; கொதிக்கும் ஓசை தளதளவென்று கேட்கும். இந்த இடத்தில் அடுப்பை அணைப்பது தவறு. சாறு வற்றி, ஓசை மாறிச் சடசடவென்று கேட்கும்போது, துண்டுகள் பளபளவென்று ஒரு பாகு பூசிக்கொண்டிருக்கும். கரண்டியால் வாணலியின் நடுவே கோடு இழுத்தால் அந்தக் கோடு உடனே மூடக் கூடாது. மொத்தம் 8 முதல் 10 நிமிடம். துண்டின் ஓரம் கண்ணாடிபோல் தெரிந்து நடு சிறிது வெள்ளையாக இருந்தால் போதும். மீதியை ஓவன் பார்த்துக்கொள்ளும். முழுதும் ஆறிய பிறகே ரொட்டியோடு சேர்க்க வேண்டும்.

எந்த ஆப்பிள் என்பதும் முக்கியம். 1811-இல் ஒன்டாரியோவில் ஜான் மெக்கின்டாஷ் கண்டெடுத்த மரத்தின் வழிவந்த மெக்கின்டாஷ், மணத்தில் சிறந்தது. ஆனால் சூடு பட்டால் குழைந்து மசியலாகிவிடும். ஆஸ்திரேலியாவில் பிறந்த பச்சை நிற கிரானி ஸ்மித் புளிப்பானது, வடிவம் கலையாது. மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1991-இல் வெளியிட்ட ஹனிகிரிஸ்ப் இனிப்பும் உறுதியும் உள்ளது, விலை கூடுதல். இரண்டு மெக்கின்டாஷும் இரண்டு கிரானி ஸ்மித்தும் கலந்து போடுவது மிகப் பொருத்தம். ஒன்று குழைந்து சாந்தாகி ரொட்டிக்கிடையே பரவும், மற்றொன்று கடிக்கக் கிடைக்கும். நீண்ட நாள் குளிர்கிடங்கில் இருந்த ரெட் டெலிஷியஸ் பச்சையாகச் சாப்பிடவே மாவுபோல் இருக்கும். வேகவைத்தால் சுவை இன்னும் போய்விடும்.

பேரிக்காய்க்கும் ஏறக்குறைய இதே கணக்கு. கூம்பிய கழுத்தும் செம்பழுப்புத் தோலும் உள்ள பாஸ்க் வகை வெந்தாலும் நிலைக்கும். பேரிக்காய் மரத்தில் பழுப்பதில்லை. பறித்து வைத்த பிறகு உள்ளிருந்து வெளியே பழுத்து வரும். வயிற்றுப் பகுதி கைக்கு மெத்தென்று தெரியும்போது உள்ளே கனிந்து போயிருக்கும். காம்பை ஒட்டிய கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, அங்கே இலேசாக அமுங்கினால் அதுதான் பதம். வதக்கும் நேரம் 4 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

கிரான்பெர்ரி வட அமெரிக்காவின் சொந்தப் பழம். விஸ்கான்சினிலும் மாசசூசெட்சிலும் செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை அறுவடை. வயலில் நீரைப் பாய்ச்சிச் செடிகளை உலுக்குவார்கள். பழத்துக்குள் காற்றறைகள் இருப்பதால் அவை மிதந்து மேலே வரும், செந்நிற ஏரிபோல் வயல் மாறிவிடும். கடுமையான புளிப்பு இதன் குணம். ஆப்பிளின் இனிப்புக்கு நடுவே ஆங்காங்கே ஒரு புளிப்பு வெடிப்பது கேசரோலுக்கு உயிர் கொடுக்கும். 100 கிராம் போதும், வதக்கத் தேவையில்லை. ஆனால் நசுங்கிய கிரான்பெர்ரியை இரவே பாலில் போட்டால் புளிப்பு பாலைத் திரித்துவிடும். காலையில் ஓவனில் வைக்கும் முன் மேலே தூவ வேண்டும். உறைந்த பழமானால் உருகவிடாமல் அப்படியே போடலாம். செப்டம்பரில் கிடைக்கும் நீண்ட வடிவப் பிளம்ஸையும் பாதியாகப் பிளந்து, வெட்டுப்பக்கம் மேலே தெரிய அடுக்கலாம். சாறு அந்தக் குழியிலேயே நிற்கும்.

பாலும் முட்டையும்

ஒரு கப் (240 மி.லி.) பாலுக்கு மூன்று முட்டை என்ற விகிதத்தில் கலந்தால் கேசரோல் கத்தியால் அறுத்து எடுக்கும் அளவுக்கு நிற்கும். இரண்டு முட்டை என்றால் கரண்டியால் அள்ளிச் சாப்பிடும் புட்டிங் ஆகும். பிரெட் புட்டிங்குக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இதுதான். 13-க்கு 9 அங்குலமும் 2 அங்குல ஆழமும் உள்ள வழக்கமான பாத்திரத்துக்கு அளவு: உலர்த்தும் முன் 450 கிராம் ரொட்டி, 8 பெரிய முட்டை, அரை லிட்டர் முழுக் கொழுப்புப் பால், 120 மி.லி. கிரீம், 75 கிராம் பழுப்புச் சர்க்கரை, 2 தேக்கரண்டி வெனிலா, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் குறைக்கக் கூடாது. உப்பில்லாத முட்டை இனிப்பு சப்பென்றுதான் இருக்கும். பழுப்புச் சர்க்கரை இல்லாவிட்டால் நாட்டுச் சர்க்கரை அந்த இடத்தை நன்றாகவே நிரப்பும்.

பட்டைத் தூளைப் பாலில் நேராகக் கொட்டினால் கட்டிகட்டியாக மேலே மிதக்கும். முதலில் சர்க்கரையோடு கலந்து, அதில் முட்டையை உடைத்து ஊற்றி அடித்து, பிறகு பாலைச் சேர்த்தால் ஒரே சீராகக் கரைந்துவிடும். முட்டையை நுரைக்க அடிக்க வேண்டியதில்லை. வெள்ளைக்கரு நூல்நூலாகத் தெரியாமல் இருந்தால் சரி. ஒரு முறை வடிகட்டிவிட்டால் இன்னும் நல்லது.

2 தேக்கரண்டி பட்டைத் தூள், கால் தேக்கரண்டி துருவிய ஜாதிக்காய், கால் தேக்கரண்டி சுக்குத் தூள், இரண்டு கிராம்பின் தூள்: இலையுதிர்காலத்தில் அமெரிக்கக் கடைகளில் பூசணிப் பைக்கென்று விற்கும் மசாலாவின் மணம் இவற்றில் பெரும்பாலும் வந்துவிடும். ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ‘சினமன்’ என்று புட்டியில் வருவது பெரும்பாலும் இந்தோனேசியா, வியட்நாம், சீனா நாடுகளின் கேசியாப் பட்டை. தடித்து, ஒற்றைச் சுருளாக, உடைக்கக் கடினமாக இருக்கும். இலங்கைத் தமிழர்கள் கறுவா என்று சொல்லும் இலங்கைப் பட்டை தாள்தாளாகச் சுருண்டு, விரலால் நொறுக்கினாலே உடையும், மணம் மென்மையானது. ஒரு மணி நேரம் ஓவனில் நிற்கும் இந்தப் பக்குவத்துக்குக் கேசியாவின் காரமே தாக்குப் பிடிக்கும். கறுவாவைப் பரிமாறும்போது மேலே தூவினால் அதன் அருமை தெரியும்.

இரவு வேலை

பாத்திரத்தின் அடியிலும் பக்கங்களிலும் வெண்ணெய் தடவி, ரொட்டியில் பாதியை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். அதன்மேல் ஆறிய ஆப்பிள் முழுவதையும் பாகோடு பரப்பி, மீதி ரொட்டியை ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தாற்போல் வைக்க வேண்டும். கலவையை ஒரே இடத்தில் கொட்டாமல் எல்லா இடத்திலும் படும்படி மெதுவாக ஊற்ற வேண்டும். பத்து நிமிடம் கழித்துக் கையால் ரொட்டியை ஒரு முறை அழுத்தினால் மேல் துண்டுகளும் பாலில் முங்கி எழும். பிறகு மூடி, ஃபிரிட்ஜில் 8 முதல் 12 மணி நேரம். ஃபிரிட்ஜின் குளிர் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கக் கூடாது. பச்சை முட்டையும் பாலும் சேர்ந்த கலவையை இரவு முழுதும் வெளியே வைப்பது எந்தக் குளிர் நாட்டிலும் ஆபத்து. அவசரமானால் ஒரு மணி நேர ஊறலும் உதவும். அப்படிச் செய்தால் ரொட்டியைச் சிறு சதுரங்களாக வெட்டிக்கொள்ள வேண்டும்.

மேலே தூவும் உதிர்மாவையும் இரவே செய்து தனியாக ஃபிரிட்ஜில் வைக்கலாம். 60 கிராம் மைதா, 40 கிராம் ஓட்ஸ், 100 கிராம் பழுப்புச் சர்க்கரை, 1 தேக்கரண்டி பட்டைத் தூள் இவற்றோடு 85 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல்நுனியால் பிசறி, உதிரியாகவும் கட்டியாகவும் கலந்து வரும்போது 60 கிராம் பீக்கன் அல்லது வால்நட்டை உடைத்துச் சேர்க்க வேண்டும். இதை இரவே கேசரோல்மேல் கொட்டிவிட்டால் ஈரம் குடித்துக் களியாகிவிடும். காலை வரை பிரித்தே வைக்க வேண்டும்.

காலையில்

எழுந்ததும் கேசரோலை வெளியே எடுத்து வைத்து, அரை மணி நேரம் கழித்து ஓவனை 175 டிகிரி செல்சியஸுக்கு (350 ஃபாரன்ஹீட்) சூடேற்ற வேண்டும். கண்ணாடிப் பாத்திரம் ஃபிரிட்ஜிலிருந்து நேராகக் கொதிக்கும் ஓவனுக்குப் போனால் விரிசல் விடலாம். அந்த அரை மணி நேரத்தை மட்டும் சுருக்கவே கூடாது. கிரான்பெர்ரியும் உதிர்மாவும் தூவி, நடுத்தட்டில் மூடாமல் 50 முதல் 60 நிமிடம் வேகவைக்க வேண்டும். 35 நிமிடத்துக்குள் மேற்புறம் கருஞ்சிவப்பாகிவிட்டால் அலுமினியத் தாளைத் தளர்வாக மேலே போடலாம். உதிர்மாவு சேர்க்காத கேசரோலில் ரொட்டி முனைகள் முதலில் கருகும். ஆகவே அதை முதல் 25 நிமிடம் மூடியே வைக்க வேண்டும்.

வெந்ததா என்பதற்கு நிறத்தை நம்பக் கூடாது. ஓரம் உப்பிப் பாத்திரத்தை விட்டு விலகியிருக்கும், நடு இலேசாக ஆடும். நடுவில் ஒரு கத்தியை இறக்கி இரு விநாடி நிறுத்தி எடுத்தால், அதில் ஆப்பிள் பாகு ஒட்டியிருக்கலாம். வெள்ளையாகப் பால் வழியக் கூடாது. தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 77 முதல் 80 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். முட்டை சேர்ந்த பண்டங்களுக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பாதுகாப்பு அளவு 71 டிகிரி. பாலும் சர்க்கரையும் கலந்த முட்டை 80 டிகிரியை ஒட்டித்தான் இறுகும். 85-ஐத் தாண்டினால் திரிந்து நீர் விடும். வெளியே எடுத்ததும் உப்பல் அடங்கிக் கேசரோல் அரை அங்குலம் இறங்கும். அது குறையல்ல, உள்ளிருந்த நீராவி போவதுதான். 15 நிமிடம் ஆறவிட்டு அறுத்தால் துண்டு உடையாமல் வரும். உடனே அறுத்தால் சரியும்.

மேப்பிள் சிரப்பைச் சூடாக்கி ஊற்றுவது வழக்கம். கியூபெக்கிலும் வெர்மான்ட்டிலும் குளிர்காலம் முடியும் தறுவாயில் மேப்பிள் மரத்திலிருந்து வடித்த சாறு ஏறக்குறைய 40 லிட்டரைக் காய்ச்சினால் 1 லிட்டர் சிரப் கிடைக்கும். கடையில் ‘பேன்கேக் சிரப்’ என்று மலிவாக விற்பது சோளச் சர்க்கரைப் பாகு. அதில் மேப்பிள் சாறு பெயருக்குக்கூட இருப்பது அரிது. உதிர்மாவு சேர்த்த கேசரோலுக்கு ஒரு தேக்கரண்டி நல்ல சிரப்பே தாராளம். கூடவே இனிப்பில்லாத கெட்டித் தயிர் வைத்தால் வாய்க்கு ஓய்வு கிடைக்கும்.

தவறினால்

அடியில் நீர் தேங்கினால் ஆப்பிள் வற்றவில்லை, அல்லது ரொட்டி உலரவில்லை. அறுக்கும்போது முட்டைப் பொரியல்போல் துணுக்குத் துணுக்காகத் தெரிந்தால் அதிக நேரம் வெந்துவிட்டது. மேலே காய்ந்த ரொட்டியும் கீழே கூழும் இருந்தால் இரவில் அழுத்திவிட மறந்திருக்கும். நடு வேகாமல் ஓரம் மட்டும் வெந்தால் பாத்திரம் ஆழமானது. 160 டிகிரியில் இன்னும் 20 நிமிடம் வைத்தால் சரியாகும்.

சிறிய ஓவனுக்கும் முட்டை சேர்க்காதவருக்கும்

காஷ்மீர், இமாசல ஆப்பிள்கள் தமிழ்நாட்டுச் சந்தைக்கு வருவதும் பெரும்பாலும் இதே செப்டம்பர்–நவம்பர் மாதங்களில்தான் என்பதால், ஓவன் உள்ள வீட்டில் இதை இங்கேயும் செய்யலாம். சிறிய ஓ.டி.ஜி. ஓவனில் 13 அங்குலப் பாத்திரம் பெரும்பாலும் நுழையாது. 8 அங்குலச் சதுரப் பாத்திரத்துக்கு எல்லா அளவையும் பாதியாக்கி, 40 முதல் 45 நிமிடம் வைத்தால் போதும். மேல் கம்பி மிக அருகில் இருப்பதால் அலுமினியத் தாளைக் கையோடு வைத்திருக்க வேண்டும். இங்கே கிடைக்கும் பால் ரொட்டி மிக மென்மையானது; முழு ரொட்டியாக வாங்கி, கனமாக அறுத்து, 10 நிமிடம் கூடுதலாக உலர்த்த வேண்டும்.

முட்டை வேண்டாதவர்களுக்குக் கஸ்டர்ட் பவுடர் இருக்கிறது. 1837-இல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் அதை உருவாக்கியதே, மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால்தான். ஆனால் பச்சைப் பவுடரைப் பாலில் கலக்கி அப்படியே ஊற்றக் கூடாது. சோளமாவு முழுதாகக் கெட்டிப்பட 95 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், கேசரோலின் நடுப்பகுதி அவ்வளவு சூடாவதற்குள் ஓரங்கள் காய்ந்துவிடும். 1 லிட்டர் பாலில் 4 மேசைக்கரண்டி பவுடரைக் கரைத்து, அடுப்பில் ஒரு கொதி வரக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ரொட்டிமேல் ஊற்றலாம். உப்பி எழாது, ஆறினால் இறுகி நன்றாக அறுக்க வரும்.

மீந்தது

ஃபிரிட்ஜில் 3 நாள் நிற்கும். மறுநாள் ஒரு துண்டை அரை அங்குலக் கனத்தில் அறுத்து, தோசைக்கல்லில் சிறிது வெண்ணெய் விட்டு, இருபுறமும் மும்மூன்று நிமிடம் மிதமான தீயில் சுட்டால், வெட்டுப்பக்கம் முறுகி ஆப்பிள் பாகு அதன்மேல் பொன்னிறமாக ஒட்டும். சூடான முதல் துண்டைவிட இதுவே மேல். மைக்ரோவேவ் ரொட்டியை ரப்பராக்கிவிடும். துண்டுகளைத் தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் 2 மாதம் வரை நன்றாக இருக்கும். அதற்கு மேல் ஆப்பிள் நீர் விட்டு ரொட்டி சொதசொதத்துப் போகும், ஆகவே உறையின்மேல் தேதியை எழுதி வைக்க வேண்டும்.